ஒரே தலை, நான்கு வேண்டுதல்

நவம்பர் 9, சனி

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி குழந்தை எப்படி இருந்தா?" என்று டாக்டர் நஸ்ரின் இன்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

தம்பி திருஞானமும் அவன் மனைவி செண்பகமும் அழுதுகொண்டிருந்ததால் என்னை முன்னால் தள்ளிவிட்டார்கள். "எங்க அக்கா, காலேஜ்ல புள்ளியியல் புரொபசர். இவங்களக் கேளுங்க டாக்டர், கரெக்டா சொல்லுவாங்க." கரெக்டாகத்தான் சொன்னேன். வியாழன் காய்ச்சல். வெள்ளி காலை வாந்தி. அப்புறம் ஓயாத தூக்கம். எழுப்பினால் அம்மாவைப் பார்த்து "மிஸ்" என்றாள். சாயங்காலம் வலிப்பு. இவ்வளவையும் குறித்துக்கொண்ட பிறகுதான் அந்தக் கேள்வி.

"அமைதியான குழந்தை" என்றேன்.

"அமைதின்னா? பேச மாட்டாளா? பயந்த சுபாவமா?"

"தொந்தரவு செய்ய மாட்டாள்."

"எந்தக் கையால எழுதுவா?"

"வலது கை" என்றேன். செண்பகம் அழுகையைச் சட்டென்று நிறுத்தி, "அண்ணி, அவ இடது கை" என்றாள். பிறகு மறுபடி அழத் தொடங்கினாள். டாக்டர் வலதை அடித்துவிட்டு இடது என்று எழுதினார். அதற்கப்புறம் என்னைக் கேட்கவில்லை.

பண்ருட்டியில் அவர்கள் கீழ்வீடு, நான் மாடி. எட்டு வருடமாக ஒரே கேட் வழியாகப் போய் வருகிறோம்.

மூளைக்காய்ச்சல் என்கிறார்கள். கிருமியால் மூளை வீங்கியிருக்கலாம். அல்லது கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பே குழம்பிப்போய் மூளையைத் தாக்கியிருக்கலாம். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும்வரை காத்திருக்காமல் மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் நறுமுகை கண் திறக்கவில்லை.

இன்னொன்று. வலிப்பு வந்தபோது செண்பகத்தின் தம்பி தட்சிணாமூர்த்தி, இரும்பு என்பதற்காகத் தன் ஸ்கூட்டர் சாவியைக் குழந்தையின் கையில் திணித்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது வாசலை மறித்துக்கொண்டு நின்றது அதே ஸ்கூட்டர். சாவி குழந்தையின் கைக்குள். பிடி விடவில்லை. கடைசியில் தெருவே சேர்ந்து ஸ்கூட்டரைத் தூக்கி வைத்தது. புதுச்சேரி வந்து சேர்ந்த பிறகுதான் ஒரு நர்ஸ் சாவியை விடுவித்தார். "இதெல்லாம் குடுக்கக் கூடாதுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வாயில ஒண்ணும் வைக்காம, உடனே தூக்கிட்டு வந்துடணும்" என்றார். தட்சிணாமூர்த்தி பணிவாகத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம், "சாவிதான்க்கா இங்க வரைக்கும் தாக்குப் பிடிச்சு வெச்சிருக்கு" என்றார்.

நவம்பர் 10, ஞாயிறு

எதனால் வந்தது என்பதற்கு இன்று வரை வந்திருக்கும் காரணங்கள்:

செண்பகம்: தலைக்குக் குளித்து ஈரத்தோடு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தது. தம்பி: செல்போன். எதிர்வீட்டு அம்மாள்: பள்ளி விழாவில் ஆடிய நடனத்தின் மேல் விழுந்த கண். (ஆடினாளா? எனக்குத் தெரியாது.) தட்சிணாமூர்த்தி: பன்றி. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். ஊருக்குப் போன் போட்டு, ரயில்வே லைன் ஓரம் மேயும் பன்றிகளின் சொந்தக்காரரோடு சண்டையும் போட்டாகிவிட்டது.

ஆச்சரியம், இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மூளைக்காய்ச்சலில் ஒரு வகை, பன்றியிலிருந்தும் நீர்ப்பறவைகளிலிருந்தும் வயற்காட்டுக் கொசு வழியாகத்தான் மனிதர்களுக்கு வருகிறது என்று டாக்டரே சொன்னார். தட்சிணாமூர்த்தி என்னைப் பார்த்த பார்வையில் முனைவர் பட்டம் வாங்கிய பெருமிதம்.

"ஆனா குழந்தைக்கு அதுக்கு ஊசி போட்டிருக்கு. ரிசல்ட் வரட்டும்" என்று டாக்டர் முடித்தார்.

செண்பகத்துக்கு இரண்டு இட்லி ஊட்ட வேண்டியிருந்தது. இதற்கு முன் நான் யாருக்கும் ஊட்டியதில்லை. சட்னி என் புடவையில்.

நவம்பர் 11, திங்கள்

கண் திறக்கவில்லை. இன்னொரு வலிப்பு.

கீழே காபி குடிக்கப் போனேன். வண்டிகள் நிறுத்தும் இடத்தில், வேப்பமரத்தடியில் ஒரு சிறிய பிள்ளையார். கூட்டம் இல்லை. திரும்பி வந்தபோது என் செருப்பு போய்விட்டிருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

"செருப்பு எங்க அண்ணி?" என்று செண்பகம் கேட்டாள். வெறுங்காலில் நடப்பது நல்லது என்று எங்கோ படித்ததாகச் சொன்னேன்.

கொசு வழியாக வரும் அந்த வைரஸ் இல்லையாம். பன்றிகள் நிரபராதிகள். அவற்றின் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும்படி தட்சிணாமூர்த்தியிடம் சொன்னேன். "அது வேற கணக்குக்கா" என்றார்.

நவம்பர் 13, புதன்

கண் திறந்தாள்.

காலையிலிருந்தே விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. மதியம் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். என்னை நெடுநேரம் பார்த்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக தட்சிணாமூர்த்தி போய்க் குனிந்து, "பாப்பு, மாமாடா, மாமா தெரியுதா?" என்றார்.

"மாமா, உங்க மீசை வெள்ளையாயிடுச்சு."

தட்சிணாமூர்த்திக்கு நாற்பத்து மூன்று வயது. பெண் பார்த்துக்கொண்டிருப்பதால் வெளியே முப்பத்தாறு. வாரம் ஒருமுறை மீசைக்குப் போடும் டையை ஆஸ்பத்திரி அலைச்சலில் போடாமல் விட்டுவிட்டார். அவர் அழுதுகொண்டே வெளியே வந்து, "மீசை வெள்ளன்னு சொல்லிடுச்சு! வெள்ளன்னு சொல்லிடுச்சு!" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னார். வாசலில் நின்ற காவலாளிக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார்.

டாக்டருக்கு மகிழ்ச்சிதான். ஆனால், "இவ இப்படித்தான் பேசுவாளா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்ல டாக்டர். இருக்கிற இடமே தெரியாது" என்றாள் செண்பகம்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மூளையில் முன்பக்கம் வீங்கினால் சில குழந்தைகள் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார்களாம். சிலருக்கு அது சரியாகும், சிலருக்கு ஆகாது. இடது கை தூக்கவில்லை. அதுவும் அப்படித்தான், பார்க்கலாம் என்றார். காரணம்? இன்னும் சோதனைகள் பாக்கி, ஆனால் பல குழந்தைகளுக்குக் கடைசிவரை காரணம் தெரியாமலே போய்விடும் என்றார்.

காரணம் தெரியாத நிகழ்வுகளைப் பற்றி வருடம் முழுவதும் வகுப்பெடுக்கிறேன். மாணவர்கள் இவ்வளவு நாளும் என்னை எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று தோன்றியது.

நவம்பர் 20, புதன்

வார்டுக்கு மாற்றியாகிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் ஓய்வதில்லை. இன்று எதிர்வீட்டு அம்மாள், ஆப்பிளும் ஹார்லிக்ஸும்.

நறுமுகை பாட்டிலை ஒருமுறை பார்த்தாள். "ஆன்ட்டி, இது அங்கிளுக்கு ஆபரேஷன் ஆனப்ப எங்கம்மா உங்களுக்குக் குடுத்தது. மூடியில நான் ஸ்டிக்கர் ஒட்டினேன். இன்னும் இருக்கு பாருங்க."

இருந்தது. ஒரு மஞ்சள் நட்சத்திரம்.

செண்பகம் அவசரமாக, "மருந்து வேகத்துல பேசறா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். அந்த அம்மாளும் போகும்வரை, பாவம் குழந்தை, பாவம் குழந்தை என்றார். அவர் போனதும் செண்பகம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இங்கே வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை.

நவம்பர் 28, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். கடைசிச் சோதனை முடிவிலும் ஒன்றும் இல்லை. காரணம்: தெரியவில்லை. வலிப்புக்கு மாத்திரை இரண்டு வேளை. பிப்ரவரியில் பெரிய பரிசோதனை. எது திரும்பும், எது திரும்பாது, இதே வகுப்பில் தொடரலாமா என்பதெல்லாம் அப்போதுதான் சொல்ல முடியுமாம்.

இடது கைக்குப் பயிற்சியாகப் பந்தை அழுத்தச் சொன்னார்கள். பந்து அவளுக்கு அலுத்துவிட்டது. சப்பாத்தி மாவு பிசையலாம் என்று நான்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

டிசம்பர் 3, செவ்வாய்

சப்பாத்தி.

டிசம்பர் 4, புதன்

சப்பாத்தி. தம்பி தன் பெயிண்ட் கடைப் பையன்களுக்கு எடுத்துப் போகிறான். அவர்களும் வேண்டாம் என்கிறார்களாம்.

பயிற்சியை மேற்பார்வையிட வேண்டியிருப்பதால் நானும் கீழேயே சாப்பிடுகிறேன்.

அவளுக்குச் சில வார்த்தைகள் அகப்படவில்லை. கரண்டியைக் காட்டி, "சாம்பார் அள்ளுற அது" என்கிறாள். சீப்பு "தலைக்கு ஓட்டுறது". ஒவ்வொரு முறையும் செண்பகத்தின் முகம் வெளுக்கிறது. நேற்று நான் என் கண்ணாடியைத் தேடி, "செண்பகம், அதைப் பார்த்தியா, அது, மூக்கு மேல போடுறது" என்று கேட்டேன். யாரும் பதறவில்லை. நாற்பத்தொன்பதில் வரும்போது இதற்கு வேறு பெயர் போலும்.

டிசம்பர் 8, ஞாயிறு

வகுப்பாசிரியை ரெஜினா வந்திருந்தார். நறுமுகை அவரிடம், "மிஸ், நீங்க போன வருஷம் போட்ட மாதிரியே அதே கணக்கத்தான் இந்த வருஷமும் போடுறீங்கன்னு ஃபோர்த் அக்காங்க சொன்னாங்க" என்றாள்.

செண்பகம் வழக்கம்போல ஆரம்பித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க மிஸ், காய்ச்சலுக்கு அப்புறம் இப்படி..."

ரெஜினா விழித்தார். "காய்ச்சலுக்கு அப்புறமா? அவ எப்பவும் இப்படித்தாங்க. க்ளாஸ்ல அவ வாயை மூட வெக்கிறதுதான் எனக்கு ஃபர்ஸ்ட் பீரியட். பழைய பாப்பு திரும்பிட்டான்னு இப்பதான் நிம்மதியா இருக்கு!"

"நம்ம பாப்புவா?" என்றான் தம்பி.

"ஆண்டு விழா டான்ஸுல பாட்டு நின்னுபோச்சே, இவதானே மைக்கைப் புடுங்கி, 'பாட்டு வர்ற வரைக்கும் எல்லாரும் கைதட்டுங்க'ன்னு சொன்னா. நீங்க வரலையா?"

யாரும் போகவில்லை. தம்பிக்குக் கடை. செண்பகத்துக்குத் தலைவலி. எனக்கு விடைத்தாள் திருத்தம்.

ஒரே குழந்தையைப் பற்றி இரண்டு சாட்சியங்கள். இரண்டும் பொருந்தவில்லை. வீட்டில் ஏன் பேசவில்லை என்று அவளையே கேட்டேன். மாவைப் பிசைந்துகொண்டே, "யாரும் கேக்கல" என்றாள். நாங்கள் கேள்வி கேட்கவில்லை என்கிறாளா, சொன்னதைக் கேட்கவில்லை என்கிறாளா என்று நான் மேலும் விசாரிக்கவில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்.

டிசம்பர் 19, வியாழன்

மறுபடி வலிப்பு. கூடத்தில், பிசைந்த மாவுக்குப் பக்கத்திலேயே. ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தட்சிணாமூர்த்தியின் கை சட்டைப் பைக்குப் போனது. "சாவியை எடுத்தீங்கன்னா கையை உடைப்பேன்" என்றேன். நான் இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. அவர் பைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவேயில்லை. வலிப்பு தானாக நின்றுவிட்டது. ஆனால் விழித்த பிறகு வெகுநேரம் அவள் யாரையும் பார்க்கவில்லை.

டாக்டர் போனிலேயே மாத்திரையைக் கூட்டினார். இது இப்படியே நிலைக்குமா என்று கேட்டேன். "பிப்ரவரில பாப்போம் மேடம்."

இன்று சப்பாத்தி இல்லை. எல்லோருக்கும் அது குறையாக இருந்தது.

ஜனவரி 16, வியாழன். காணும் பொங்கல்

இன்று வெளிப்பட்ட விவரத்தை வரிசையாக எழுத முயல்கிறேன்.

கரும்பு கடித்துக்கொண்டிருந்தபோது செண்பகம், "தை முடியறதுக்குள்ள சமயபுரம் போயிட்டு வந்துடணும். பாப்புவுக்கு மொட்டை போடறேன்னு ஆத்தாகிட்ட வேண்டியிருக்கேன்" என்றாள்.

தம்பி கரும்பைக் கீழே வைத்தான். "நான் திருப்பதிக்கு வேண்டியிருக்கேனே."

"என்னங்க, என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ சொன்னியா?"

தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமினார். "மாமா, நான் பழனிக்கு வேண்டிட்டேன். மொட்டைன்னா தாய்மாமன் மடியிலதான். மடி என்னுது. அதனால பழனிதான் முதல்ல."

அந்த நேரம் பார்த்துப் பொங்கல் வாழ்த்துச் சொல்ல ரெஜினா உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். "நானும்... மாதாகிட்ட, வேளாங்கண்ணிக்கு... பேரன்ட்ஸ்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு அப்ப தோணலைங்க."

ஆக ஒரே தலை, நான்கு வேண்டுதல். ஐ.சி.யு. வாசலில் ரெஜினாவைத் தவிர மற்ற மூவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வேண்டிக்கொண்டது இன்னொருவருக்குத் தெரியாது. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காதாம்.

எதுவும் வேண்டிக்கொள்ளாத ஆள் என்பதால் என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். நாலு சாமிக்கும் முடி வளர வளர வரிசையாக மொட்டை போட்டால் எவ்வளவு நாளாகும் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். போட்டேன். நாலாம் வகுப்பு முழுவதும் அவள் மொட்டையாகத்தான் போவாள்.

"தலையை நாலாப் பிரிச்சுக்கிட்டா?" என்றான் தம்பி. எவ்வளவு கலங்கிப்போனாலும் அவன் வியாபாரி. "முன்பக்கம் சமயபுரம், பின்பக்கம் திருப்பதி..."

"முருகனுக்குக் காது ஓரமா?" தட்சிணாமூர்த்திக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "ஒரு மரியாத வேண்டாம்?"

"ஏய், கத்தாத. உன் சாமிதான் பெருசா?" என்றாள் செண்பகம்.

"மாதா கோச்சுக்க மாட்டாங்க, நான் கடைசியில கூட..." என்றார் ரெஜினா.

"அம்மா" என்றாள் நறுமுகை. அவள் அங்கே இருப்பதையே மறந்துவிட்டிருந்தோம். "நான் தூங்கிட்டிருந்தப்பதானே வேண்டுனீங்க?"

"ஆமாண்டா கண்ணு."

"என்னைக் கேட்டீங்களா?"

"நீதான் கண்ணே திறக்கலையே."

"அப்ப என் முடிய நீங்க எப்படிக் குடுப்பீங்க? பக்கத்து வீட்டுச் சைக்கிளத் தர்றேன்னு நான் சாமிகிட்ட சொல்லலாமா? யாரு வேண்டுனாங்களோ அவங்க முடியக் குடுங்க."

தட்சிணாமூர்த்தி தன் முடியை மெல்லத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான் டாக்டரை நினைத்தேன். பழைய தகவலை நினைவில் வைத்திருக்கிறாள், ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பெறுகிறாள், உதாரணம் காட்டுகிறாள். என் முதுகலை மாணவர்கள் பலருக்கு இது வராது.

"தீர்ப்பு சரி" என்று நடுவர் என்ற முறையில் சொன்னேன்.

நறுமுகை என் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க வேண்டிக்கலையா?"

"எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா."

"அப்ப உங்க செருப்பு? ஸ்ட்ரெச்சர்ல என்னைத் தள்ளிட்டுப் போறப்ப பாத்தேன். எல்லாரும் செருப்பு போட்டிருந்தாங்க. நீங்க மட்டும் போடல."

அவளுக்கு இன்னும் ஓய்வு தேவைப்படுகிறது. படுக்க வைத்துவிட்டு மாடிக்கு வந்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தம்பி திருப்பதியிலிருந்து திரும்பினான். "அப்பா, எந்தப் பக்கம் எடுத்தாங்க?" என்று கேட்டாள் நறுமுகை. அவன் தலையில் முன்பே முடி அதிகம் இல்லை.

செண்பகம் பூமுடி கொடுத்தாள், நுனியில் கொஞ்சம்போல. ஆத்தா ஒப்புக்கொள்வாளா என்ற கவலை அவளுக்கு இருக்கிறது. ரெஜினா வேளாங்கண்ணியில் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பள்ளியில் எல்லோரும் புது ஸ்டைல் என்கிறார்களாம்.

தட்சிணாமூர்த்தி பழனிக்குப் போகவில்லை. அடுத்த வாரம் பெண் பார்க்கப் போகிறார்.

பிப்ரவரி 10, திங்கள்

தட்சிணாமூர்த்திக்குப் பெண் அமையவில்லை. முடி முருகன் கணக்கில் இருக்கும்போது அதை வைத்துக்கொண்டு போனதால்தான் என்கிறார். நாளை பழனி பஸ் ஏறுகிறார்.

நறுமுகை மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகிறாள். மதியம் வரைதான். சோர்ந்துவிடுகிறாள். எழுதுவது மெதுவாக இருக்கிறது, எழுத்து கோணல். வலது கையால் எழுதிப் பார்க்கலாமே என்று தலைமையாசிரியை சொன்னாராம். "நீங்க இடது கையால எழுதிக் காட்டுங்க மிஸ், அப்புறம் நான் பழகறேன்" என்றாளாம் இவள். டாக்டர் சான்றிதழ் இருந்தால்தான் இதே வகுப்பில் வைப்போம் என்று மறுநாளே கடிதம் வந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

நாளை பரிசோதனை. செண்பகம் காலையிலிருந்து, "பதில் மட்டும் சொல்லு, நீயா ஒண்ணும் சொல்லாத" என்று அவளுக்குப் பாடம் நடத்துகிறாள். தம்பிக்குக் கடையில் கணக்கு முடிக்கும் நாள். இருவருக்கும் பயம். நானே அழைத்துப் போகிறேன் என்றேன்.

கோடை இந்த வருடம் சீக்கிரமே தொடங்கும்போலிருக்கிறது. தலையில் இவ்வளவு பாரம் எதற்கு என்று அவ்வப்போது தோன்றுவதுண்டு.

பிப்ரவரி 21, வெள்ளி

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

புதுச்சேரிக்குச் சீக்கிரமே வந்துவிட்டோம். பதிவு செய்துவிட்டு, நறுமுகையை அந்தப் பழைய நர்ஸிடம் விட்டுவிட்டு, எதிர்ச் சாரியில் இருந்த சலூனுக்குப் போனேன். ஆண்கள் சலூன். கடைக்காரர் என் பின்னலைப் பார்த்துவிட்டு நாற்காலிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"மேடம், வூட்ல ஏதாச்சும் பிரச்சினைங்களா?"

"வெயில் காலம் வருது."

"பிப்ரவரிங்க."

"எடுங்க."

எடுத்தார். பின்னலை ஒரு நாளிதழில் சுற்றிக் கொடுத்தார். வேப்பமரத்தடிக்குப் போனேன். இந்த முறை செருப்பைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பிள்ளையாருக்கு முன்னால் பூ விற்கும் பெண் பொட்டலத்தையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, இவருக்குத் தேங்காதான் உடைப்பாங்க. முடி யாரும் குடுக்க மாட்டாங்களே."

எனக்குத் தெரியாது. செருப்பு தொலைந்த அன்றைக்கு விசாரிக்க ஆள் இல்லை. வேறு என்ன கொடுப்பார்கள் என்றும் தோன்றவில்லை.

"தெரியாம எதுக்குக்கா வேண்டிக்கிட்டீங்க?"

"நான் வேண்டிக்கிட்டேன்னு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"சரி, மூஞ்சூறுக்குப் பக்கத்துல வெச்சிட்டுப் போங்க. அவரு பாத்துக்குவாரு" என்றாள். ஒரு தேங்காயும் வாங்கி உடைத்தேன். இது பாதுகாப்புக்காக மட்டுமே.

டாக்டர் நஸ்ரின் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பயிற்சி பெற்றவர். நறுமுகை கேட்டாள். "அத்தை, என்ன ஆச்சு?"

"வெயில்."

"ஓ" என்றாள். முதன்முறையாக மனதில் பட்டதைச் சொல்லாமல் விட்டாள் என்று நினைக்கிறேன்.

படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார்கள். சிலவற்றை விட்டுவிட்டாள், சீப்பு இன்றும் "தலைக்கு ஓட்டுறது"தான். சொல்லிவிட்டு என் தலையைப் பார்த்தாள். கதை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். அதில் குறையில்லை, முடிவு சரியில்லை என்று மாற்றிக்கூடச் சொன்னாள். இடது கை நாலில் மூன்று பங்கு திரும்பியிருக்கிறதாம்.

கடைசியாக டாக்டர், சும்மா பேச்சுக் கொடுப்பதுபோல, "உங்க அத்தை முன்னாடி எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார். என்னிடம் கேட்ட அதே கேள்வி என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியாது.

நறுமுகை கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"முடி இவ்ளோ நீளம் இருக்கும். தலை வாரும்போது பாட்டு முணுமுணுப்பாங்க, யாராவது வந்தா நிறுத்திடுவாங்க. காலேஜ் விட்டு வந்ததும் கேட்டைச் சாத்திட்டு, சாத்திட்டோமான்னு இன்னொரு தடவ இழுத்துப் பாப்பாங்க. ராத்திரி டிவி பாத்துத் தனியா சிரிப்பாங்க, கீழ கேக்கும். மாடிப்படியில ஏறி மூணாவது படியில நின்னு எங்க வீட்டுக் கதவப் பாப்பாங்க, உள்ள வரலாமா வேணாமான்னு. அப்புறம் மேல போயிடுவாங்க."

"இப்ப?"

"இப்ப மொட்டை. நல்லால்ல." என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஆனா இப்ப உள்ள வர்றாங்க."

டாக்டர் குனிந்து நெடுநேரம் எழுதினார். நான் சுவரில் இருந்த உயர அளவுகோலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார். இதே வகுப்பில் தொடரலாம், தேர்வில் எழுதக் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று சான்றிதழ் கொடுத்தார். கை முழுவதும் திரும்புமா, வலிப்பு இனி வராதா என்று கேட்டேன். "தெரியாது மேடம்" என்றார். அந்தப் பதிலை மதிக்கிறேன்.

"அப்ப இந்தப் பேச்சு? அது காய்ச்சலால வந்ததா, இல்லையா?"

"நீங்கதான் சொல்லணும்."

"இல்லை" என்றேன். ஆதாரம் போதாது. ஆனாலும் சொன்னேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் காற்று பலமாக அடித்தது. நறுமுகை தன் பையிலிருந்து குல்லாவை எடுத்து இடது கையாலேயே எனக்கு மாட்டிவிட்டாள். நேரம் பிடித்தது, நான் உதவவில்லை. இரண்டு முயல் காதுகள் வைத்த குல்லா. பண்ருட்டி பஸ் நிலையத்தில் என் பழைய மாணவன் ஒருவன் வணக்கம் சொன்னான். பதில் வணக்கம் சொன்னேன்.

வீட்டு வாசலில் மொட்டைத் தலையோடு தட்சிணாமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். என் குல்லாவையே பார்த்தார். கழற்றிக் காட்டினேன்.

"நீங்க எந்தச் சாமிக்கா?"

"வெயில்" என்றாள் நறுமுகை.

இரவு சாப்பாடு கீழே. சப்பாத்தி.